மோட்டார் கடையில் முதல் ஆறு மாதம்

பல்லடம் பக்கம் ஒரு மோட்டார் பம்ப்செட் கடையில் இருபது வருடத்துக்கு மேல் விற்பனை மேசையில் நிற்கிறேன். வருடத்துக்கு ஒன்றிரண்டு பேர் புதிதாக வேலைக்குச் சேர்கிறார்கள். டிப்ளமோ முடித்தவர்கள், பி.காம். முடித்தவர்கள், மில் வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். எல்லோரும் முதல் நாள் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, ரேட் லிஸ்ட் எங்கீங்க இருக்குது?"

விலைப்பட்டியலை நான் கடைசியாகத்தான் கையில் கொடுப்பேன். விலை எல்லோருடைய செல்போனிலும் இருக்கிறது. வாடிக்கையாளர் அதைப் பார்த்துவிட்டுத்தான் நம் கடைப் படி ஏறுகிறார். பார்த்த பிறகும் இருபது கிலோமீட்டர் வண்டி ஓட்டி வருகிறார் என்றால், தன் போருக்கு (ஆழ்துளைக் கிணற்றுக்கு) எது சரிப்படும் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்றுதான் வருகிறார். அந்த ஆளாக நீங்கள் ஆவதற்கு ஆறு மாதம் போதும். ஆனால் அந்த ஆறு மாதத்தை எந்த வரிசையில் செலவழிக்கிறீர்கள் என்பது முக்கியம்.

துணிக்கடையில் நிறம் பிடிக்காத சேலையை மறுநாள் மாற்றிக் கொடுத்துவிடலாம். நாம் விற்கும் சாமான் அறுநூறு அடிக்குக் கீழே போய்த் தொங்கும். தவறாகக் கொடுத்துவிட்டால் மேலே தூக்க வண்டி வாடகை, ஆள் கூலி, திரும்ப இறக்க அதே செலவு இன்னொரு தடவை. அதுவரை தென்னை காயும், கோழிப் பண்ணைக்கு டேங்கர் ஓடும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதல் வாரம்: விற்காதீர்கள்

முதல் வாரம் மேசைக்கே வர வேண்டாம். எரிந்த மோட்டாருக்குப் புதிதாகக் கம்பி சுற்றும் ரீவைண்டிங் பட்டறைக்குப் போங்கள். பெரும்பாலான கடைகளுக்குச் சொந்தமாகவோ பழக்கத்திலோ ஒரு பட்டறை இருக்கும். அங்கே எரிந்து வந்த மோட்டார்களைக் கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். டீ வாங்கிக் கொடுங்கள், ஸ்பேனர் எடுத்துக் கொடுங்கள், கேள்வி கேளுங்கள்.

நான் இதை வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. சேர்ந்த இரண்டாவது வருடம் ஒரு பெரியவர் வந்தார். "பக்கத்துத் தோட்டத்துல போட்ட அதே மோட்டாரைக் குடு தம்பி" என்றார். பழைய பில்லைத் தேடி எடுத்து, அதே ஏழரை ஹெச்பி, அதே ஸ்டேஜ் (பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் சக்கர அடுக்குகளின் எண்ணிக்கை), அப்படியே கொடுத்துவிட்டேன். சீக்கிரம் ஒரு வியாபாரம் முடிந்தது என்று எனக்குச் சந்தோஷம் வேறு. பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் 650 அடியில் இருந்தது. இவருக்கு 300 அடியிலேயே இருந்தது. உயரமாகத் தள்ளுவதற்காகச் செய்த பம்ப், பாதி உயரமே இருந்ததால் அளவுக்கு மேல் தண்ணீரை எடுத்திருக்கிறது. ஆம்பியர் ஏறி, மோட்டாரை நிறுத்திக் காப்பாற்றும் ஓவர்லோடு ரிலே அடிக்கடி விழுந்திருக்கிறது. யாரோ ரிலேவைத் திருகிக் கூட்டி வைத்துவிட்டார்கள். முக்கால் மணி நேரத்தில் போர் காலியாகி, பம்ப் வெறுமனே ஓடி, பதினோராவது நாள் மோட்டார் எரிந்து மேலே வந்தது.

முதலாளி என்னைத் திட்டவில்லை. பட்டறைக்கு அனுப்பி, அதைக் கழற்றும்போது நின்று பார்த்துவிட்டு வரச் சொன்னார். புஷ் (தண்டு சுற்றும் வளையம்) தேய்ந்து, காயில் (உள்ளே சுற்றிய கம்பி) முழுக்கக் கருகி இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். செலவில் பாதியைக் கடை ஏற்றுக்கொண்டது. அந்தப் பெரியவர் அப்புறமும் எங்கள் கடைக்கு வந்தார். ஆனால் என்னிடம் கேட்க மாட்டார். இரண்டு வருடம் பக்கத்து மேசைக்குத்தான் போவார்.

பட்டறையில் பார்க்க வேண்டியவை இவை. காயில் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கருகியிருந்தால் ஓவர்லோடு அல்லது வோல்டேஜ் குறைவு. சில சுற்று மட்டும் கருகி மற்றவை புதிது போலவே இருந்தால் ஒரு ஃபேஸ் இல்லாமல் ஓடியிருக்கிறது. புஷ்ஷும் அடியில் இருக்கும் த்ரஸ்ட் தட்டும் போயிருந்தால் தண்ணீரில்லாமல் ஓடியிருக்க வாய்ப்பு அதிகம். தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் அரித்துப் போயிருந்தால் மணல். இந்த நான்கையும் கண்ணால் பார்த்துவிட்டால், பிற்பாடு பேனல் போர்டில் டிரை ரன் பாதுகாப்பும் (தண்ணீர் தீர்ந்தால் மோட்டாரை நிறுத்துவது) சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டரும் (ஒரு ஃபேஸ் போனால் நிறுத்துவது) ஏன் வேண்டும் என்று வாடிக்கையாளருக்குச் சொல்லும்போது உங்கள் வாயில் மனப்பாடம் வராது. பார்த்தது வரும்.

இரண்டாவது வாரம் முதல்: கேட்கப் பழகுங்கள்

வருகிறவர் எப்போதும் பதிலோடுதான் வருவார். "அஞ்சு ஹெச்பி ஒண்ணு போடுங்க." அந்தப் பதிலை எடுத்துக்கொள்ளாமல், அதற்கு முன்னால் இருக்கும் கேள்விக்கு அவரைக் கூட்டிப் போக வேண்டும். அதுவும் விசாரணை மாதிரி இல்லாமல். எங்கள் கடையில் நடக்கும் பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"வாங்கண்ணா, உக்காருங்க. எந்தூருங்க?"

"கேத்தனூருங்க."

"தோட்டத்துக்குங்களா, வீட்டுக்குங்களா?"

"தோட்டத்துக்குத்தானுங்க. ஏழரை ஒண்ணு போட்டுடுங்க."

"போட்டுறலாங்க. போர் எத்தன அடிங்க?"

"ஆயிரத்து நூறு."

"தண்ணி எங்கீங்க நிக்குது?"

"அது... பிட்டருக்குத்தானுங்க தெரியும்."

பிட்டர் என்பவர் மோட்டாரைப் போரில் இறக்கிப் பொருத்துகிறவர். இந்த இடத்தில் புதியவர்கள் சிரித்துவிட்டு, ஆயிரத்து நூறு அடியையே கணக்கில் போட்டுவிடுவார்கள். அங்கேதான் தப்பு ஆரம்பிக்கிறது. "பிட்டருக்கு ஒரு ஃபோன் போடுங்கண்ணா, நானே கேட்டுக்கறேன்" என்று சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை.

ஊர்ப் பெயரைச் சும்மா மரியாதைக்குக் கேட்பதில்லை. நம் பக்கம் கீழே இருப்பது கெட்டிப் பாறை. தண்ணீர் பாறை இடுக்குகளில்தான் இருக்கிறது. அதனால் இருநூறு அடி தள்ளி இருக்கும் இரண்டு போர்களுக்குச் சம்பந்தமே இல்லாமல் போகலாம். அப்படியும் ஊர் தெரிந்தால் ஒரு குத்துமதிப்பு கிடைக்கும். பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்கால் பாசனம் உள்ள ஊர் என்றால் இன்னொரு கேள்வி சேர்த்துக் கேட்க வேண்டும்: தண்ணீர் மட்டத்தை எப்போது பார்த்தார்கள்? அந்தப் பாசனம் நான்கு மண்டலமாக முறை வைத்து நடக்கிறது. தங்கள் மண்டலத்துக்குத் தண்ணீர் விட்டிருக்கும்போது அக்கம்பக்கக் கிணறும் போரும் ஏறி நிற்கும். அப்போது அளந்த மட்டத்தை நம்பி மோட்டார் கொடுத்தால் சித்திரை வைகாசியில் ஃபோன் வரும். கோடைக்கு எங்கே இறங்குமோ அதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

அடுத்தது, எவ்வளவு தண்ணீர். இதற்கு நம் ஊர்க்காரர்கள் இஞ்சில்தான் பதில் சொல்வார்கள். "ரெண்டிஞ்சு தண்ணிங்க." எந்த இஞ்சு என்று கேளுங்கள். போர் வண்டிக்காரர் வி வடிவில் வெட்டிய தகட்டில் தண்ணீரை விட்டு, அதன் உயரத்தைப் பார்த்துச் சொல்லும் இஞ்சு ஒன்று. பைப் நிறைய வருகிறது என்று பைப்பின் அளவைச் சொல்லும் இஞ்சு இன்னொன்று. இரண்டும் வேறு வேறு.

வி தகட்டு இஞ்சில் ஒரு சூட்சுமம் உண்டு. 90 டிகிரி வெட்டில் 1 இஞ்சு உயரம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 8 லிட்டர். 2 இஞ்சு என்றால் 16 அல்ல, சுமார் 48 லிட்டர். 3 இஞ்சு என்றால் 130 லிட்டருக்கு மேல். உயரம் ஏற ஏற வெட்டின் அகலமும் விரிவதால் இப்படித் தாவுகிறது. "ஒன்றரைக்கும் ரெண்டுக்கும் அரை இஞ்சுதானுங்க வித்தியாசம்" என்று சொல்பவருக்கு அந்த அரை இஞ்சில் தண்ணீர் இரு மடங்காகிவிடுகிறது என்று தெரிந்திருக்காது. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

போர் கொடுக்கும் தண்ணீரைவிடப் பம்ப் அதிகமாக எடுத்தால் போர் காலியாகும். இதைப் புரிய வைப்பதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி. பெரிய மோட்டார் போட்டால் நிறையத் தண்ணீர் வரும் என்று நம்பித்தான் எல்லோரும் வருகிறார்கள். நான் சொல்வது இது: "பால் கறக்கற எருமைகிட்ட ரெண்டு சொம்பு கொண்டு போனா ரெண்டு சொம்பு பால் குடுக்குங்களா?" பெரும்பாலும் சிரித்துவிட்டு ஒத்துக்கொள்வார்கள்.

அப்புறம் போரின் விட்டம், தண்ணீர் எங்கே போய் விழ வேண்டும், சொட்டுநீரா வாய்க்காலா, சர்வீஸ் (மின் இணைப்பு) எத்தனை ஹெச்பிக்கு வாங்கியது, ஒயர் எவ்வளவு தூரம் வருகிறது. நாலரை இஞ்சு போருக்கு வி4 பம்ப்தான் இறங்கும். ஆறரை இஞ்சு போர் என்றால் வி6 போடலாம். இதைக் கேட்காமல் வண்டி ஏற்றி அனுப்பி, போர் வாயில் நிற்கும் மோட்டாரைத் திரும்பக் கொண்டுவந்தவர்கள் உண்டு. சர்வீஸ் 5 ஹெச்பிக்கு இருக்கும்போது ஏழரை கேட்கிறவரிடம் மின்வாரியத்தில் அனுமதி கூட்ட வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முதல் மாதத்துக்குள்: ஒரு கணக்கு

கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம். இந்த ஒன்று வந்துவிட்டால் போதும், கடையில் பாதிப் பேரைவிட நீங்கள் முன்னால் இருப்பீர்கள்.

போரின் ஆழம் வேறு, மோட்டார் தொங்கும் ஆழம் வேறு, ஓடும்போது தண்ணீர் நிற்கும் மட்டம் வேறு. பம்ப் தண்ணீரைத் தூக்க வேண்டிய உயரம் இந்த மூன்றாவதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. மோட்டார் 700 அடியில் தொங்கினாலும் ஓடும்போது தண்ணீர் 500 அடியில் நின்றால், தூக்க வேண்டியது 500 அடிதான். மேலே உள்ள 200 அடித் தண்ணீர் தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும். மோட்டார் ஓடாதபோது தண்ணீர் 350 அடியில் நிற்கலாம். அதையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓடும்போது இறங்கி எங்கே நிலைக்கிறதோ, அதுதான் கணக்கு.

ஓர் உதாரணம். ஓடும்போது 500 அடி. மேலே 30 அடி உயரத்தில் டேங்க். மொத்தம் 530 அடி. மீட்டராக்க 3.28-ஆல் வகுத்தால் சுமார் 162. பைப்பில் உரசிப் போவதற்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 178 மீட்டர். தண்ணீர் நிமிடத்துக்கு 60 லிட்டர் வேண்டும், அதாவது விநாடிக்கு 1 லிட்டர். லிட்டரையும் மீட்டரையும் பெருக்கி 75-ஆல் வகுத்தால் தண்ணீரைத் தூக்க மட்டும் தேவைப்படும் ஹெச்பி: 178-ஐ 75-ஆல் வகுத்தால் 2.37. பம்ப் முழுத் திறனில் வேலை செய்யாது. பாதி என்று வைத்துக்கொண்டால் 4.75. ஆகவே 5 ஹெச்பி. அவர் கேட்டது ஏழரை.

அப்புறம் கம்பெனிக்காரர்கள் கொடுத்த அட்டவணையைத் திறந்து, 5 ஹெச்பியில் 178 மீட்டருக்கு 60 லிட்டருக்குப் பக்கத்தில் கொடுக்கும் மாடலைத் தேடுங்கள். ஒரே ஹெச்பியில் ஸ்டேஜ் கூடினால் உயரம் கூடும், தண்ணீர் குறையும். நமக்கு வேண்டிய புள்ளி அட்டவணையின் நடுவில் விழ வேண்டும். ஓரத்தில் விழுந்தால் நான் மேலே சொன்ன பெரியவர் கதைதான்.

இந்தக் கணக்கை வாடிக்கையாளர் கண் முன்னால் துண்டுச் சீட்டில் போடுங்கள், மனதுக்குள் போடாதீர்கள். அந்தச் சீட்டை அவரிடமே கொடுத்துவிடுங்கள். அவர் அதை எடுத்துக்கொண்டு வேறு கடைக்கும் போவார். போகட்டும். பத்தில் ஆறேழு பேர் அதே சீட்டோடு திரும்பி வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

கிணற்றுக்கு மோட்டார் கேட்பவர்களுக்கு வேறு கணக்கு. மேலே வைக்கும் மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்தது), தண்ணீரைக் காற்றழுத்தத்தின் பலத்தில்தான் உறிஞ்சுகிறது. கடல் மட்டத்தில் ஏட்டுக் கணக்குக்கு 10.3 மீட்டர். நாம் இருப்பது கடல் மட்டத்திலிருந்து 300, 400 மீட்டர் உயரத்தில். நடைமுறையில் 20 அடியைத் தாண்டினாலே சிரமம். பழைய கிணறுகளில் பாதி ஆழத்தில் திட்டுக் கட்டி மோட்டாரை வைத்திருப்பது இதனால்தான். இப்போது தண்ணீருக்குள்ளேயே முங்கி ஓடும் ஓப்பன்வெல் சப்மெர்சிபிள் இருப்பதால் பாதி வேலை மிச்சம். அதை எடுத்துச் சொல்லுங்கள்.

தண்ணீர் ரொம்பக் குறைவு, போர் கோணல், மணல் வேறு வருகிறது என்றால் கம்ப்ரசரைப் பற்றிப் பேசலாம். போருக்குள் ஓடும் பாகம் எதுவும் இல்லை, காற்று மட்டும்தான் இறங்குகிறது. கரண்ட் செலவுக்குத் தகுந்த தண்ணீர் வராது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது மாதம்: கேபிள்

மோட்டாருக்கு ஒரு மணி நேரம் யோசிக்கிறவர்கள் கேபிளில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிப்பார்கள். நீங்களும் தலையாட்டிவிட்டால் பழி மோட்டார் மேல் விழும்.

போருக்குள் முங்கி ஓடும் 5 ஹெச்பி த்ரீ ஃபேஸ் சப்மெர்சிபிள் சுமார் எட்டரை ஆம்பியர் இழுக்கும். 600 அடி தாமிரக் கேபிளில் 1.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் வழியிலேயே சுமார் 26 வோல்ட் போய்விடும். 2.5 என்றால் 16 வோல்ட். 4 என்றால் 10 வோல்ட். 415 வோல்ட்டில் மூன்று சதவீதத்துக்குள், அதாவது 12 வோல்ட்டுக்குள் இழப்பு நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். அப்படிப் பார்த்தால் 4-தான். அதுவும் கம்பத்தில் முழு 415 வந்தால். ஊர்க் கடைசித் தோட்டத்தில் எல்லோரும் மோட்டார் போடும் நேரத்தில் என்ன வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். அவருடைய பேனல் போர்டில் வோல்ட் மீட்டர் இருந்தால், மோட்டார் ஓடும்போது ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இப்போதெல்லாம் இது சுலபம்.

மும்முனை மின்சாரம் வரும் நேரம் ஊருக்கு ஊர் மாறுவதால் ஆட்டோ ஸ்டார்ட்டர் இல்லாத தோட்டம் குறைவு. ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தால் மோட்டார் தானாக ஓடும், பக்கத்தில் ஆள் இருக்காது. போர் காலியானாலும் நிறுத்த ஆள் இல்லை. டிரை ரன் பாதுகாப்பு இல்லாமல் ஆட்டோ மட்டும் விற்கக் கூடாது என்பது என் கட்சி. வாடிக்கையாளர் வேண்டாம் என்றால் பில்லில் "வேண்டாம் என்றார்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவேன். கையெழுத்து என்றதும் பாதிப் பேர் வாங்கிக்கொள்வார்கள்!

இந்த ஊரில் தண்ணீரும் கரண்ட்டும் வெறும் வியாபாரம் இல்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். 1932-ல் நீலகிரியின் பைக்காரா மின்சாரம் வந்த பிறகுதான் இந்தப் பக்கத்துக் கிணறுகளில் மோட்டார் ஓட ஆரம்பித்தது. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் கோவையிலேயே மோட்டார் செய்தார்கள். 1970-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய விவசாயிகள் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். இன்றைக்கு விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். அதனால் ஸ்டார் லேபிளைக் காட்டி "கரண்ட் பில் குறையுங்க" என்று ஒரு விவசாயியிடம் சொன்னால் அவர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். அவருக்குச் சொல்ல வேண்டியது ஆம்பியர் குறைவு, சூடு குறைவு, காயில் நிற்கும் என்பது. ஸ்டார் கணக்கு அப்பார்ட்மென்ட் செயலாளருக்கும் சாயப்பட்டறைக்காரருக்கும். ஒரே பெட்டிதான், ஆளுக்குத் தகுந்த உண்மை வேறு.

மூன்றாவது மாதம்: பெட்டியைத் திறந்து படியுங்கள்

வியாபாரம் இல்லாத மத்தியான வேளைகளில் ஒவ்வொரு மோட்டாரின் தகட்டையும் படியுங்கள். இந்தியத் தர எண்கள் இவை: போர் சப்மெர்சிபிளுக்கு ஐஎஸ் 8034, மோனோபிளாக்குக்கு ஐஎஸ் 9079, ஓப்பன்வெல்லுக்கு ஐஎஸ் 14220. ஐஎஸ்ஐ முத்திரையோடு எந்த எண் போட்டிருக்கிறது என்று பார்த்துப் பழகுங்கள். ஒரு ஹெச்பி 746 வாட். தகட்டில் கிலோவாட்டையும் ஹெச்பியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாத தகடுகள் சந்தையில் உண்டு.

தண்ணீர் நிரப்பிய மோட்டாரா, ஆயில் நிரப்பியதா என்று தெரிந்து வைத்திருங்கள். குடிதண்ணீர் போர் என்றால் நான் தண்ணீர் நிரப்பியதைத்தான் சொல்வேன். சீல் போனால் ஆயில் தண்ணீரில் கலக்கும். தண்ணீர் நிரப்பும் மோட்டாரை இறக்குமுன் நல்ல தண்ணீர் ஊற்றி, காற்றுக் குமிழி போக விட்டு, மூடி இறக்க வேண்டும். இதை எல்லா பிட்டர்களும் செய்வார்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். வண்டியில் ஏற்றும்போது நீங்களே ஒரு தடவை சொல்லிவிடுங்கள்.

"ஒருக்கா ஓட்டிக் காட்டுங்க தம்பி" என்று மேசை முன்னால் கேட்பார்கள். சப்மெர்சிபிளைத் தரையில் வைத்து ஓட்டக் கூடாது. புஷ்களுக்கு மசகு தண்ணீர்தான். சில விநாடி வெறுமனே ஓடினாலும் கீறல் விழும். மெக்கர் வைத்து இன்சுலேஷனை அளந்து காட்டுங்கள். அவருக்கும் திருப்தி, மோட்டாரும் பிழைக்கும்.

நான்காவது மாதம்: ஃபோன்

இந்தக் கட்டத்தில் உங்களிடம் கடை ஃபோனைக் கொடுப்பேன். விற்றதைவிட விற்ற பிறகு வரும் அழைப்புகள்தான் கடைக்குப் பேர் வாங்கித் தரும்.

அடிக்கடி வரும் அழைப்பு: "புது மோட்டாருங்க, நேத்துத்தான் இறக்குனோம், தண்ணி கம்மியா வருது. தூக்கிடலாங்களா?" தூக்க வண்டி சொல்லியிருப்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியது: "மூணு லைன்ல ரெண்டை மாத்திப் போட்டுப் பாத்தீங்களாண்ணா?" த்ரீ ஃபேஸில் லைன் மாறியிருந்தால் மோட்டார் எதிர்த் திசையில் சுற்றும். தண்ணீர் வரும், ஆனால் பலமில்லாமல் வரும். மேலே ஸ்டார்ட்டரில் எந்த இரண்டு ஒயரையும் இடம் மாற்றினால் தீர்ந்தது. ஐந்து நிமிடம். எங்கள் கடையில் பில் போட வந்த ஒரு அம்மிணி, இந்த ஒரு கேள்வியால் ஒரே கோடையில் மூன்று பேருக்கு வண்டிச் செலவை மிச்சப்படுத்திக் கொடுத்தார். அதற்கு முன்னால் அவர் மேசைக்கு வந்தால், "ஆம்பளைங்க யாரும் இல்லீங்களா?" என்பார்கள். இப்போது, "அந்தப் புள்ள இருக்குதுங்களா?" என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள்.

தெரியாததைத் தெரியும் என்று சொல்லாதீர்கள். "பத்து நிமிஷங்க, கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லி, பத்தாவது நிமிடம் நீங்களே கூப்பிடுங்கள். பதினைந்து ஆகிவிட்டால் அவர் வேறு கடைக்குக் கூப்பிட்டிருப்பார்.

பிட்டர்கள் விஷயம்

இதை எந்தப் பயிற்சியிலும் சொல்ல மாட்டார்கள். பல வாடிக்கையாளர்கள் பிட்டரோடு வருவார்கள். பிட்டருக்குக் கடையில் ஒரு கமிஷன் இருக்கும். நல்லதோ கெட்டதோ, நடைமுறை அதுதான். பிட்டர் சொல்லும் மோட்டார் தவறு என்று உங்கள் கணக்கு சொன்னால், வாடிக்கையாளர் முன்னால் அவரைத் தாழ்த்திப் பேசாதீர்கள். "அண்ணா, இங்க ஒரு நிமிஷம் வாங்க, கேபிளப் பாத்துடுங்க" என்று உள்ளே கூப்பிட்டு, சீட்டைக் காட்டுங்கள். நல்ல பிட்டர் ஒத்துக்கொள்வார். அவரே வெளியில் வந்து மாற்றிச் சொல்வார். உங்களைவிட அவர் இறக்கிய போர்கள் அதிகம் என்பதை மறக்க வேண்டாம், பல சமயம் உங்கள் கணக்குத்தான் தப்பாக இருக்கும். ஒத்துக்கொள்ளாத பிட்டரும் உண்டு. அப்போது முதலாளியிடம் விட்டுவிடுங்கள். அது உங்கள் சம்பளத்துக்குள் வரும் சண்டை அல்ல.

வியாபாரம் வேண்டாம் என்று அனுப்ப வேண்டிய நேரமும் வரும். பழைய மோட்டாரில் கப்பாசிட்டர் மட்டும் போயிருக்கும், ஆள் புதிது வாங்க வந்திருப்பார். கப்பாசிட்டரைக் கொடுத்து அனுப்புங்கள். கடை தொடங்கிய புதிதில் இதற்கு மனசு வராது என்று எங்கள் முதலாளியே சொல்வார்.

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. ஆறு மாதம் பழக்கிய ஆளை ஆயிரம் இரண்டாயிரத்துக்காக விட்டுவிடாதீர்கள். அவர் அடுத்த தெருக் கடைக்குப் போனால் மோட்டார் மாடல்களை மட்டும் கொண்டு போவதில்லை, எந்த ஊரில் எத்தனை அடியில் தண்ணீர் என்பதையும் கொண்டு போகிறார். கம்பெனிகள் நடத்தும் பயிற்சிக்கு ஒருநாள் கடையில் ஆள் குறைந்தாலும் பரவாயில்லை என்று அனுப்பி வையுங்கள். கோவையில் பம்ப்களைச் சோதிக்கும் சிட்டார்க் மாதிரி இடங்களை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்த பையன், அட்டவணையில் இருக்கும் எண் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொண்டு பேசுவான்.

ஆறாவது மாதம்: நோட்டு

நீள நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பில் புத்தகம் வேறு, இது வேறு. ஊர், போர் எத்தனை அடி, விட்டம், ஓடும்போது தண்ணீர் மட்டம், எந்த மாதம் அளந்தது, தண்ணீர் எவ்வளவு, கொடுத்த மாடல், ஸ்டேஜ், கேபிள் அளவு, இறக்கிய ஆழம், பிட்டர் யார், மோட்டார் வரிசை எண். ஒரு விற்பனைக்கு ஒரு வரி. கம்ப்யூட்டரில் போட்டாலும் சரிதான். ஆனால் தூசியும் கிரீஸும் உள்ள கையோடு உடனே எழுத நோட்டுதான் வசதி. ஊர் வாரியாகப் பக்கம் ஒதுக்கினால் பிற்பாடு தேடுவது சுலபம்.

இரண்டு வருடத்தில் அந்த நோட்டில் ஒவ்வொரு ஊரின் தண்ணீர் மட்டமும் எப்படி இறங்கி ஏறுகிறது என்று தெரிய ஆரம்பிக்கும். என்னுடைய நாலாவது நோட்டு இப்போது ஓடுகிறது. முதல் நோட்டில் முதல் பக்கத்தில் அந்தப் பெரியவரின் போர் இருக்கிறது: 300 அடி, சிவப்பு மையில் அடிக்கோடு. போன வருடம் அவர் மகன் வந்தார். தண்ணீர் இப்போது 520-க்குப் போய்விட்டதாம். சீட்டில் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஏழரைதான் வந்தது.